படிக்க வந்த செருப்புகள்

தூத்துக்குடியில், உப்புக்காற்று தின்று ஜன்னல் கம்பியெல்லாம் பொரிந்துபோன வாரியக் குடியிருப்பு ஒன்றில், சி பிளாக் மூன்றாம் மாடியில், தங்கபுஷ்பம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வர அந்த ஊரில் ஆளே இல்லாமல் இருந்தது. புருஷன் சர்க்கரையில் கால் போய், பிறகு தானும் போய், இரண்டு மழைக்காலம் கழிந்திருந்தது. மகன் ஜெயவேல் பெண்டாட்டி பிள்ளையோடு தோஹாவில் இருந்தான். வெள்ளிக்கிழமை தோறும் போனில் வந்து, சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். கேஸை மூடினோமா, மோட்டாரை அணைத்தோமா, கதவுக் கொண்டியைப் போட்டோமா என்று எழுந்து எழுந்து பார்ப்பதிலேயே தங்கபுஷ்பத்துக்குப் பொழுது போனது. பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பார்த்தது சரிதானா என்று மறுபடியும் போய்ப் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு, ராஜகனி என்று. கல்யாணமாகி மும்பைக்கு, மாட்டுங்கா பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவனோடு போனவள். போன நாளிலிருந்து இரண்டு பேரும் வாரம் தவறாமல் இன்லண்ட் லெட்டர் எழுதிக்கொண்டார்கள். ராஜகனி இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதி, அதுவும் போதாமல் பசை ஒட்டுகிற மடிப்பிலும் எழுதிவிடுவாள். அந்த இரண்டு வரி கிழிந்துவிடாமல் இருக்க, சோறு வடிக்கிற ஆவியில் கடிதத்தைக் காட்டி, ஈரத்துணியால் துடைத்துப் பிரிப்பாள் தங்கபுஷ்பம். முக்கியமான சேதியெல்லாம் அந்தப் பசைக்குள்தான் இருக்கும். பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது, கடிதம் நின்றது, சண்டை ஆரம்பித்தது. கடிதமாக இருந்தபோது, பேனாவைத் தேடி, எழுதி, ஒட்டி, தபால்பெட்டிக்குப் போகிற வழியிலேயே பாதிக் கோபம் வெயிலில் காய்ந்துவிடும். போனில் அப்படிக் காய்வதற்கு வழியே இல்லை.

கடைசிச் சண்டை ஜெயவேல் கல்யாணத்தில் வந்தது. புருஷனுக்குக் காலில் புண். மும்பைக்கு நேரில் போய் அழைக்க முடியாமல், பத்திரிகையைப் போட்டோ எடுத்து ராஜகனிக்கு போனில் அனுப்பினாள் தங்கபுஷ்பம். அடுத்த நிமிஷம் போன் வந்தது.

"ஊர்ல வீடு வீடாப் போயி வெத்தல பாக்கு வச்சு அழைச்சிருக்க. கூடப்பொறந்தவளுக்கு மட்டும் படமா? நாலு மூலையில மஞ்சள் தடவாத பத்திரிகைய எந்த வீட்டுலக்கா கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லுவாக? இனிமே உன் வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

சொன்னபடியே வைக்கவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை, அத்தானின் சாவுக்கும் வரவில்லை. வாட்ஸப்பில் அக்காளை பிளாக் பண்ணியும் போட்டாள்.

இப்படி இருக்கையில், லீவுக்கு வந்த ஜெயவேல் தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்து, முகநூலைத் திறந்து, 'அடுப்படி அரட்டை' என்ற பெண்கள் குழுவில் சேர்த்துவிட்டுப் போனான். அதில் ஆயிரக்கணக்கான பெண்கள் ரசம் வைப்பது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதுவது என்றால் அவளுக்குக் கடிதம் ஒன்றுதான் தெரியும். ஆகவே, சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான பின்பக்க பால்கனியில், துணிக்கொடிக்கு அடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் 'அன்புள்ள கனிக்கு' என்று ஆரம்பித்தாள். கை தானாக அப்படித்தான் போனது. பிறகு பயந்துபோய் பெயரை அழித்தாள். 'அன்புள்ள' மட்டும் நின்றது, பக்கத்தில் காலி இடம், பிறகு ஒரு காற்புள்ளி. 'நலம். நலமறிய ஆவல். இங்கே மோட்டார் ரிப்பேர். கீழே இருந்து குடம் தூக்கி வருவதற்குள் பாதித் தண்ணீர் படிக்கட்டு குடித்துவிடுகிறது. சாளை மீன் மலிவு, ஒருத்திக்கு எதற்கு என்று வாங்காமல் வந்துவிட்டேன். வந்த பிறகு வாங்கியிருக்கலாமோ என்று இருக்கிறது' என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குப்பை கொட்டக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு சோடி செருப்பு கிடந்தது. நீல வாருள்ள ரப்பர் செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று, "யாரு?" என்று படிக்கட்டில் கூப்பிட்டுப் பார்த்தாள். வந்தவர் மொட்டைமாடிக்குப் போயிருப்பார், இறங்கி வருவார் என்று அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்கும் நேரத்தில் இன்னொரு சோடி வந்திருந்தது. காபியை ஆற்றிக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தபோது இரண்டு சோடியையும் காணவில்லை. அந்தக் காபியை அவளே குடித்தாள்.

மறுநாளும் எழுதினாள், மறுநாளும் வந்தது. ஐந்து சோடி, ஒன்பது சோடி, சுவரோரமாக ஒழுங்காக, வீட்டுக்குள் விருந்தாளி இருப்பதைப் போல. காரணத்தை முதலில் சொன்னது குவைத்திலிருந்த ஒரு நர்ஸ். அவள் கடிதத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: 'அக்கா, நீங்க எழுதினதைப் படிக்கிற நேரம் மட்டும் என் வெள்ளை ஷூவைக் காணோம். படிச்சு முடிச்சா கட்டிலுக்கடியில வந்து கிடக்குது. உங்க வீட்டுக்கா வருது?' தங்கபுஷ்பம் கதவைத் திறந்தாள். வெள்ளை ஷூ நின்றது. 'ஆமாம் தாயி, வந்திருக்கிறது, பத்திரமாக இருக்கிறது' என்று பதில் எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. மழைக்காலத்தில் மட்டும், 'அக்கா, இன்னைக்குச் செருப்பு சேறா இருக்கு, வாசல் அழுக்காகும், மன்னிச்சுக்கோங்க' என்று எழுதிவிட்டுப் படித்தார்கள்.

ஆச்சரியப்படாவிட்டாலும் சி பிளாக்குக்கு அதனால் தொந்தரவு இருந்தது. எதிர்வீட்டு ஜன்னத், செருப்பு தன் வாசலை எட்டின முதல்நாளே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, என் வாசல்வரைக்கும் வந்துட்டாளுவளே உங்க ஆளுவ! இந்தக் குதிகால் செருப்புக்காரி யாரு? மாடியேறி வரவளுக்கு இவ்வளவு ஒசரம் எதுக்கு?"

"பெங்களூர்ல இருக்கா. கம்பெனில வேலையாம்."

"வேல நேரத்துல உங்க சாளைமீன் கதையப் படிக்காளா? வெளங்கும் கம்பெனி."

தங்கபுஷ்பத்துக்கு உடனே கவலை பிடித்துக்கொண்டது, அந்தப் பெண்ணின் வேலை போய்விடுமோ என்று. அடுத்த கடிதத்தில், வேலையை முடித்துவிட்டுப் படியுங்கள் என்று சேர்த்துக்கொண்டாள்.

நாளாக ஆகச் செருப்பு படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தது. மூன்றாம் மாடி நிரம்பி, இரண்டாம் மாடி வளைவில் திரும்பி, முதல் மாடிவரை போனது. கான்வாஸ் ஷூ, தோல் செருப்பு, சின்னப் பிள்ளை மிதித்து வார் மடங்கின செருப்பு, ஆஸ்பத்திரி வார்டில் கொடுக்கிற பச்சைச் செருப்பு. அந்தப் பச்சைச் செருப்பு ஒரு மாதம் தினம் வந்து, பிறகு வரவே இல்லை. தங்கபுஷ்பம் அந்த இடத்தை இரண்டு நாள் காலியாகவே விட்டு, மற்றவற்றைத் தள்ளி வைத்தாள்.

ஒருநாள் ஆறுமுகநேரியிலிருந்து அவள் புருஷன் வகையில் சின்னத்துரை அண்ணன் ஏதோ வேலையாக வந்தவர், கீழேயிருந்து மேலேவரை வரிசையாகச் செருப்பு கிடந்ததைப் பார்த்து, எந்த வாசலில் போய் முடிகிறது என்று எட்டிப் பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப்போய் ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு, "ஏ தாயி, சொல்லாமப் போயிட்டியே" என்று அழுதபடியே மாடி ஏறினார். கதவைத் திறந்தவள் தங்கபுஷ்பம்.

"நீயா?" என்றார்.

"நான்தான் அண்ணே. காபி குடிக்கியளா?"

"வெளிய இம்புட்டுச் செருப்பு கிடக்கே, உள்ள யாரு?"

"உள்ள நான்தான்."

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். வெளியே பார்த்தால் கல்யாண வீடு. மாலையை வீணாக்க வேண்டாம் என்று அவள் புருஷன் படத்துக்குப் போட்டுவிட்டு, காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

இதற்குப் பிறகுதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆல்பர்ட் சார் கூட்டம் போட்டார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் ஒரு சுற்றறிக்கை எழுதினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். "வாசகர் செருப்பு என்பது சொந்தக்காரர் செருப்பு அல்ல" என்று ஆரம்பித்து, வாசகர் செருப்புகள் இடப்பக்கச் சுவரோரம் மட்டுமே நிற்கவேண்டும், ஜோடி பிரியக்கூடாது, திருமதி தங்கபுஷ்பம் அவர்கள் பள்ளிக்கூடம், ஆபீஸ் போகிறவர்கள் போன பிறகு காலை பத்து மணிக்கு எழுதவேண்டும், பிள்ளைகள் சாப்பிட வருவதற்குள் வாசகர்கள் படித்து முடித்துவிடவேண்டும் என்று வாசித்தார். எல்லாரும் கை தூக்கினார்கள். தங்கபுஷ்பமும் தூக்கினாள். தூரத்து வாசகர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். பத்துமணிக்கு வந்து, மதியத்துக்குள் போனார்கள்.

ஆல்பர்ட் சாருக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை வந்து, துறைமுக நினைவுகள் என்று பத்துப் பக்கத்துக்கு ஒன்றை எழுதி முகநூலில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரே ஒரு சோடி வந்தது. அது அவருடைய செருப்பு. அவர்தான் தன்னுடையதைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தங்கபுஷ்பத்தைப் படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டார்.

எல்லாரும் சொன்னார்கள், உனக்கென்ன, உலகமே உன் வாசலில் கிடக்கிறது என்று. அது பொய்யில்லை. ஒவ்வொரு நாளும் பத்துமணிக்கு அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் காதை வைத்து நின்றுகொண்டு, ரப்பர் தரையில் படிகிற அந்த மெத்தென்ற சத்தம் ஒன்று, இன்னொன்று, பிறகு மழைத் தூறல் போலப் பல என்று கேட்கும்போது, தங்கபுஷ்பத்தின் தொண்டைக்குள் சர்க்கரைக்கட்டி கரைவதுபோல இருக்கும். ஆனால் அவள் எழுதியது வேறொரு சோடிக்காக. 'அன்புள்ள'வுக்குப் பக்கத்தில் விட்ட காலி இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

ராஜகனியின் செருப்பைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. சின்ன வயதில் உப்பு வண்டியிலிருந்து குதித்து இடது காலை முறித்துக்கொண்டவள் ராஜகனி. எலும்பு கூடியும் நடை கூடவில்லை. எந்தச் செருப்புப் போட்டாலும் இடது குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து, மாங்காயைச் சீவினதுபோலச் சாய்வாக ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் செருப்புகள் வந்து நிறைந்த பிறகு, தங்கபுஷ்பம் முந்தானையைச் செருகிக்கொண்டு, மேலேயிருந்து கீழேவரை ஒவ்வொரு இடது செருப்பாகக் கவிழ்த்து, குதியைப் பார்த்து, மறுபடி நிமிர்த்தி வைத்துக்கொண்டே இறங்குவாள். முதல் மாடியோடு வரிசை முடிந்துவிடும். அங்கேயே திரும்பி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவாள்.

"என்னத்தத் தேடுதிய? செருப்புக்கடை போடப்போறியளா?" என்று ஜன்னத் கேட்பாள்.

"சும்மா, சேறு இருக்கான்னு பாக்கேன்."

ஜெயவேலும், "படிச்சேன்மா, சூப்பரா இருந்துச்சு" என்று வெள்ளிக்கிழமைகளில் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அவனுடைய பழுப்புச் செருப்பு ஒருநாள்கூட வந்ததில்லை. "சரிப்பா, சரிப்பா" என்பாள். பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையைப் பார்த்து முடித்து அவள் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து இஸ்திரிபோடுகிற இசக்கியம்மா மாடி ஏறி வந்தாள். கேட்டுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் வண்டி போட்டிருப்பவள். மாடி ஏறி வருகிறவளே இல்லை, துணியைக் கீழேயிருந்து கயிற்றுக்கூடையில் ஏற்றி அனுப்புகிறவள்.

"யக்கா, ஒரு ஞாயம் சொல்லுங்க. எல்லாச் செருப்பும் ஒழுங்கா மாடி ஏறி வருதுல்லா? ஒருத்தி மட்டும் ஏன் என் வண்டிக்கடியில வந்து நிக்கா? இன்னைக்கு நாய் வாரக் கவ்விட்டுப் போகப் பாத்துச்சு. நான் கரிக் கரண்டிய விட்டெறிஞ்சு மீட்டுருக்கேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையச் சொல்லப்பிடாது."

"வண்டிக்கடியிலயா?"

"முட்டிவலிக்காரி போல, ஏற மாட்டாம அங்கயே நிக்கான்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க மொதல்ல எழுதின அன்னையிலருந்து அங்கதான் கிடக்கு. மத்தவளுவ போனப்புறமும் அவ போக மாட்டா. ரெண்டு தடவ மூணு தடவ படிப்பா போல."

தங்கபுஷ்பம் கேஸை அணைத்தோமா என்று பார்க்கவில்லை. கதவையும் பூட்டவில்லை. நூறு செருப்பைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கேட்டுக்கு வெளியே வந்து, கரி அடுப்பின் சூட்டுக்குப் பக்கத்தில் வண்டிச் சக்கரத்தோரம் குனிந்தாள். அரக்குநிறச் செருப்பு, புதிதில்லை. வலது செருப்பு நேராக நின்றது. இடதை எடுத்துக் கவிழ்த்தாள். குதி சாய்வாகத் தேய்ந்திருந்தது.

அவள் அதைத் துடைக்கவில்லை, மார்போடு அணைக்கவில்லை. இருந்த இடத்தில் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். கோடு கிழித்து வைத்ததுபோல அந்தச் செருப்பு கேட்டுக்கு ஒரு முழம் வெளியே நின்றது. வாசலில் கால் வைக்க மாட்டேன் என்றவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். மழைநாள் எல்லாம் இங்கேதான் நனைந்திருக்கிறாள். வேகிற வெயிலில் இங்கேதான் நின்று படித்திருக்கிறாள். மேலே ஒவ்வொரு குதியாகக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், இன்னும் ஒரு மாடி இறங்கி வந்து பார்க்கத் தோன்றவில்லையே.

"யாருக்கா?" என்றாள் இசக்கியம்மா.

"என் தங்கச்சி."

இசக்கியம்மா இஸ்திரிப்பெட்டியைக் கல்மேல் வைத்துவிட்டு, "அப்போ நிழல்ல நகத்தி வைக்கட்டா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நகத்துனா கோவம் வரும் அவளுக்கு."

செருப்பு மறையும்வரை இருந்துவிட்டுத்தான் மேலே போனாள். பரணில் ஜெயவேல் கல்யாணத்துக்கு அடித்ததில் மிஞ்சின பத்திரிகைக் கட்டு இருந்தது. ஒன்றை உருவி, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவிக் காயவைத்தாள்.

மறுநாள் பத்துமணிக்கு, முதல்தடவையாக, 'அன்புள்ள கனிக்கு' என்று எழுதினாள். அழிக்கவில்லை. 'கீழே வருகிறேன், போய்விடாதே' என்று அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அனுப்பிவிட்டு, பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச்சிமிழ், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்துக் கதவைத் திறந்தபோது எதிரே ஜன்னத் நின்றாள்.

"அழைக்கப் போறப்ப ஒத்தையாவா போவாக?" என்றாள் ஜன்னத். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குங்குமச்சிமிழைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நடங்க. நானும் வாரேன்."

பால்கனியெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஆல்பர்ட் சார் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். வண்டிக்கடியில் அரக்குச் செருப்பு நின்றது. தங்கபுஷ்பம் தாம்பாளத்தைக் கீழே வைத்து, பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டி, ஊரில் வீடு வீடாகச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

"எங்க மகன் ஜெயவேலுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நீ குடும்பத்தோட முந்தியே வந்திருந்து, கூட நின்னு நடத்தித் தரணும்."

"கல்யாணம் முடிஞ்சு பேரன் பள்ளிக்கூடம் போறான்" என்று முணுமுணுத்தாள் ஜன்னத். "சொல்லுங்க, சொல்லுங்க. முறைன்னா முறைதான்."

குங்குமத்தை எங்கே வைப்பது என்று ஒரு குழப்பம் வந்தது. வார்கள் கூடுகிற இடத்தில் ஒவ்வொரு பொட்டு வைத்தார்கள்.

அன்று மதியம் மற்ற செருப்பெல்லாம் போய்விட்டன. அரக்குச் செருப்பு போகவில்லை. சாயங்காலமும் இருந்தது. இசக்கியம்மா சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் இருந்தது. படித்து முடிக்கிறவர்களின் செருப்புத் திரும்பிப் போகும் என்றால், திரும்பாத செருப்புக்கு என்ன அர்த்தம் என்று தங்கபுஷ்பத்துக்குப் பயம் பிடித்தது. படித்துக்கொண்டிருக்கையிலேயே மயங்கி விழுந்துவிட்டாளோ. நெஞ்சுவலியோ. இல்லை, பாதியில் வெறுத்துப்போய் போனைத் தூக்கி எறிந்துவிட்டாளோ. செருப்பில்லாமல் எப்படி நடக்கிறாளோ, அந்த ஊர் ரோட்டில் கண்ணாடிச் சில்லு கிடக்குமே. அவளால் எழுத முடியவில்லை. எழுதாததால் செருப்பு எதுவும் வரவில்லை. படிக்கட்டு, கழுவி விட்டதுபோல வெறுமையாகக் கிடந்தது. ஜன்னத்தின் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் நிறைய இருந்தும், என்னவோ போல உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்தால், கேட்டது தன் மூச்சு மட்டும்தான்.

அப்படி ஒரு காலையில், படிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. ஒரு அடி அழுத்தி, ஒரு அடி இழுத்து, மறுபடி ஒரு அடி அழுத்தி. அந்த நடையை அவள் பாவாடை கட்டின காலத்திலிருந்து கேட்டிருக்கிறாள். கதவைத் திறந்தாள். தலையெல்லாம் ரயில் புழுதியோடு, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் போனுமாக, அரக்குச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு ராஜகனி வாசலுக்கு வெளியே நின்றாள். நரைத்திருந்தாள்.

"என் செருப்பக் கேட்டு வந்தேன்" என்றாள்.

"கால்லதானட்டி போட்டிருக்க."

"இப்பத்தான் கீழ எடுத்துப் போட்டேன். மும்பையிலருந்து வெறுங்காலோட வந்திருக்கேன், தெரியுமா? ரயில் கக்கூசுக்கு வெறுங்காலோட போனவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்."

"வேற ஒண்ணு வாங்கிப் போடப்பிடாதா?"

"என் செருப்பு இங்க கிடக்கையில நான் ஏன் வேற வாங்கணும்?"

"சரி, உள்ள வா."

"மாட்டேன். சொன்னது சொன்னதுதான்."

"நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தோட வந்து அழைச்சேன்லா?"

"செருப்ப அழைச்ச. என்னையா அழைச்ச? செருப்புக்குக் குங்குமம் வச்ச ஒரே கூறுகெட்டவ இந்த லோகத்துல நீதான். வார் எல்லாம் செவந்துபோய்க் கிடக்கு."

"உன் அத்தான் செத்ததுக்குக்கூட வராதவ நீ. எனக்கு நியாயம் சொல்ல வந்துட்டா!"

"யாரு சொன்னா எனக்கு? நீ சொன்னியா? உன் எழுத்தப் படிச்சுத்தான் எனக்குத் தெரியும், நீ ஒத்தையில இருக்கன்னு. 'ஒருத்திக்கு எதற்கு மீன்'னு எழுதியிருந்த அன்னைக்குத்தான்."

"பிளாக் பண்ணி வச்சவகிட்ட எப்படிட்டி சொல்லுவாக?"

சத்தம் கேட்டு ஜன்னத் கதவைத் திறந்து, "உள்ள போயிச் சண்ட போட்டா எங்களுக்கும் கொஞ்சம் சாயா குடிக்க வசதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள். அவ்வளவு வருஷம் கழித்து வந்தவளிடம் கேட்க ஆயிரம் இருந்தும், தங்கபுஷ்பத்துக்கு வாய்க்கு வந்தது எல்லாம் சண்டைதான். எங்கே இப்படியே திரும்பிவிடுவாளோ என்று அவள் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜகனி படிக்கட்டின் மேல்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போனை எடுத்து ஏதோ அழுத்தினாள்.

"பிளாக்க எடுத்துட்டேன்" என்றாள் திரும்பாமலே. "நீ பேசாத. பேசினா எனக்குக் கோவம் வருது. எழுது."

தங்கபுஷ்பம் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, வீட்டைக் கடந்து, பின்பக்க பால்கனிக்குப் போய், துணிக்கொடிக்கு அடியில் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால், யாருக்கும் இல்லாமல் அவள் ஒருத்திக்கு மட்டும் எழுதினாள். 'அன்புள்ள கனிக்கு, நலம். நலமறிய ஆவல். உன் அத்தான் கடைசியில் உன்னைக் கேட்டார்கள். கனி வந்தால் அவளுக்குப் பிடித்த கருவாட்டை எடுத்துக் கொடு என்றார்கள். இரண்டு மழைக்காலமாக மாற்றி மாற்றி வாங்கி வைக்கிறேன், புழு விழுந்தால் கொட்டிவிட்டுப் புதிது வாங்குகிறேன். தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு உப்பு போட்டோமா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. நேற்று இரண்டு தடவை போட்டுவிட்டேன். நீ தலைக்கு மை போடுவதை எப்போது விட்டாய்?' இன்னும் எழுதினாள். பழைய இன்லண்டில் பசைக்குள் எழுதுவார்களே, அதைப்போன்றதையும் கடைசியில் எழுதினாள். அனுப்பினாள்.

முன்பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தலைக்கு மை போடுகிற வரியைப் படித்திருப்பாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தங்கபுஷ்பம் துணிக்கொடியில் காய்ந்த ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு தடவை, மூன்று தடவை படிப்பவள்தான். கடைசியில் தாங்கமாட்டாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே ஹாலைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

மேல்படியில் யாரும் இல்லை. வாசலில் அரக்குச் செருப்பு மட்டும், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, காலியாகக் கிடந்தது.

அவ்வளவுதானா என்று நினைத்தாள். வந்ததும் ஒருவேளை செருப்பு மட்டும்தானா, மற்றதெல்லாம் தான் எழுதிப் பார்த்ததா. கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் வழியே கீழே எட்டிப் பார்த்தாள். முதல் மாடிவரை வெறும் படி. கேட்டருகில் இசக்கியம்மா மட்டும் குனிந்து யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். "கனி" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

அப்போது அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, டப்பா ஒன்று உருளுகிற சத்தமும், அதைவிடப் பெரிய சத்தமாக ஒரு குரலும் வந்தன.

"எக்கா! சீனி எங்க? எறும்பு மருந்துக்குப் பக்கத்துலயா வச்சிருக்க, கூறுகெட்டவளே!"

தங்கபுஷ்பம் குனிந்து, சாய்ந்து கிடந்த அந்தச் செருப்பை எடுத்து, சோடி சேர்த்து, சங்கத்தின் சட்டப்படி இடப்பக்கச் சுவரோரமாக நேராக வைத்தாள். பிறகு உள்ளே போனாள்.